இமைக்க மறந்த கண்கள்

ஆம்பூரில் காலணியின் மேற்பாகம் தைக்கும் கூடம் ஒன்றில் சற்று நேரம் நின்று பாருங்கள். தையல் ஊசிக்கு அருகே விரல் சிறிது அதிகமாக நெருங்கிவிடுகிறது. சுருக்கென்று ஒரு குத்து! ஊசி குத்திவிட்டது என்று தொழிலாளி எண்ணி முடிப்பதற்குள் கை பின்னுக்கு வந்துவிடுகிறது. தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஒரு துளி முகத்தை நோக்கித் தெறிக்கிறது. அது வந்து சேருவதற்குள் இமைகள் இரண்டும் இறுக மூடிக்கொள்கின்றன.

கையை இழுக்கச் சொன்னவர் யார்? இமையை மூடச் சொன்னவர் யார்? நாம் சொல்லவில்லை. சொல்ல நமக்கு நேரமும் இல்லை. நமக்குள்ளேயே, நம்மைக் கேளாமலே, இரவும் பகலும் நின்று பணிபுரியும் காவல் இது. இறைவன் வழங்கிய அருட்கொடைகளை எண்ணும்பொழுது பார்வையை எண்ணுகிறோம், கேள்வியை எண்ணுகிறோம், நாவை எண்ணுகிறோம். வலியையும் ஓர் அருட்கொடை என்று எண்ணியவர்கள் நம்மில் எத்தனை பேர்? கண் சிமிட்டுவதற்காக நன்றி கூறியவர்கள் எத்தனை பேர்?

இந்தக் காவல் எடுபட்டுப் போனால் மனிதனின் கதி என்னவாகும் என்பதை உலகத்திற்கு விளக்கிக் காட்டிய மருத்துவர் ஒருவர், நமது வேலூரில்தான் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றினார். அவர்தாம் டாக்டர் பால் பிராண்ட். அன்னார் கிறிஸ்தவ சமயத்தைச் சேர்ந்தவர். மிஷனரி பெற்றோரின் பிள்ளை. ஆயினும் அவருடைய உழைப்பின் பயன் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக அமைந்தது. அவர் வாழ்வில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

மலையில் பிறந்த பிள்ளை

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் எவலின். மருத்துவ வசதியே இல்லாத அந்த மலைக் கிராமங்களில் அவ்விருவரும் தமக்குத் தெரிந்த அளவு வைத்தியம் செய்தும், பள்ளிகள் நடத்தியும் வந்தனர். சிறுவன் பால் மரக்கிளையில் உட்கார்ந்து பாடம் எழுதுவானாம். 1923ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். அதன் பிறகு தந்தையைக் காணும் பேறு அவனுக்குக் கிட்டவில்லை. 1929ஆம் ஆண்டு மலேரியாவின் கொடிய வகை ஒன்று கண்டு தந்தை மலையிலேயே இறந்துபோனார். தாய் எவலின் அதற்குப் பின்னும் நெடுங்காலம் தமிழ்நாட்டு மலைகளிலேயே பணிபுரிந்து, 95 வயதில், 1974ஆம் ஆண்டு காலமானார்.

இளைஞர் பிராண்ட் முதலில் மருத்துவம் படிக்க விரும்பவில்லை. கட்டட வேலையையே கற்றார். தச்சு, கொத்து வேலை என்று சில ஆண்டுகள் கையால் உழைத்துப் பழகினார். பின்னரே மனம் மாறி லண்டனில் மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலம் அது. குண்டு வீச்சில் சிதைந்து வரும் மனிதர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்து அவருடைய கை தேர்ந்தது. உடன் பயின்ற மார்கரெட் என்ற மாதரசியை 1943இல் மணந்துகொண்டார். இந்த அம்மையாரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்களைப் பற்றிய பகுதிக்கு வரும்பொழுது அவரே முன்னால் நிற்பார்.

1946ஆம் ஆண்டின் இறுதியில் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையே அவ்வாறு வளர்ந்திருந்தது. மறு ஆண்டு மார்கரெட்டும் குழந்தைகளுடன் வந்து சேர்ந்தார்.

ஒரு கைப்பிடி திறந்த கதவு

1947ஆம் ஆண்டு. அக்காலத்தில் தொழுநோய் மருத்துவத்தில் பெயர் பெற்றிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், பிராண்டைச் செங்கல்பட்டில் உள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கி, கழுகின் நகம் போல வளைந்துபோன கைகளைக் கண்டார் பிராண்ட். இந்தக் கைகளைப் பற்றி ஆராய்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எவரேனும் உண்டா என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்று அறிந்து திகைத்தார்.

நோயாளி ஒருவரின் வளைந்த கையைத் தம் கைக்குள் பிடித்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்குமாறு கூறினார். செயலற்றது என்று எண்ணிய கை அது. ஆனால் அந்தப் பிடியில் நகங்கள் பதிந்து டாக்டருக்கே வலித்துவிட்டது! அப்படியானால் இந்தக் கையில் வலுவான தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சில நரம்புகள் மட்டுமே செத்துப்போயின. மற்றவை நலமாகவே உள்ளன. ஒரு கைப்பிடியிலிருந்து டாக்டர் பிராண்ட் கண்டுகொண்டது இது.

பிறகு ஆயிரக்கணக்கான கைகளைத் தொட்டு, அளந்து, சோதித்துப் பார்த்தார். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையே விரும்பித் தங்குகிறது என்பதும், முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் பக்கம், கன்ன எலும்பு என நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடும் இடங்களிலேயே அது வீங்கிக் கெடுகிறது என்பதும் தெளிவாயின. ஆழத்தில் உள்ள நரம்புகள் தப்பிவிடுகின்றன. ஆகவே, முன்கையில் நலமாக உள்ள தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்குப் பொருத்தினால் விரல் மீண்டும் நிமிரும். இத்தகைய அறுவைச் சிகிச்சையை வேலூரில் தொடங்கி வெற்றி கண்டார்.

தொழுநோயாளியைப் பொது மருத்துவமனையில் படுக்க வைக்கவே மக்கள் அஞ்சிய காலம் அது. ஒரு நாள் நோயாளி ஒருவரின் தோளில் கை வைத்துச் சிகிச்சையைப் பற்றி விளக்கினார் பிராண்ட். அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். தாம் ஏதும் தவறாகப் பேசிவிட்டோமோ என்று டாக்டர் கலங்கினார். காரணம் வேறு. பல ஆண்டுகளாக அந்த மனிதரை எவரும் தொட்டதே இல்லையாம்.

எலியும் பூட்டும்

கைகளைச் சரிசெய்து அனுப்பியாயிற்று. ஆனால் சில மாதங்களில் அதே கைகள் புண்ணோடும் தேய்ந்த விரல்களோடும் திரும்பி வந்தன. தொழுநோய் சதையை அழுக வைக்கிறது, விரல்கள் தாமாகவே உதிர்கின்றன என்றுதான் அன்று பாமரரும் மருத்துவரும் நம்பியிருந்தனர். பிராண்ட் அதை நம்ப மறுத்தார். ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடப் புறப்பட்டார்.

ஒரு முறை துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். சிறுவனின் வலிமையை மெச்சிய டாக்டர், கீழே இரத்தத் துளிகளைக் கண்டார். சாவி சிறுவனின் விரலை எலும்பு வரை கிழித்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை! நமக்கு இருப்பதைவிட அதிக வலிமை அவனுக்கு இல்லை. இந்த அளவோடு நிறுத்து என்று சொல்லும் வலிதான் அவனிடம் இல்லை.

வேறு சில நோயாளிகளின் விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்துபோயின. இரவில் ஒருவரைக் காவல் வைத்துப் பார்த்தபொழுது உண்மை வெளிப்பட்டது. தூங்கும் நோயாளியின் விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் அசையவும் இல்லை. அதன் பிறகு, சிகிச்சை முடிந்து வீடு செல்வோருக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்று.

இவ்வாறு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து பிராண்ட் நிலைநாட்டிய உண்மை இதுதான்: கிருமி விரலைத் தின்பதில்லை, உணர்வைத்தான் தின்கிறது. உணர்வு போன பிறகு சூடான பாத்திரமும், ஆணியும், கடினமான செருப்பும், எலியும் மீதி வேலையைச் செய்து முடிக்கின்றன.

அனிச்சைச் செயல் என்பது என்ன?

இங்கே நம் உடலின் காவல் அமைப்பைச் சிறிது விளங்கிக்கொள்வோம். தோலின் அடியில் எண்ணற்ற நரம்பு நுனிகள் உள்ளன. ஊசி குத்தியதும் அங்கிருந்து செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்திற்கு ஓடுகிறது. தண்டுவடம் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு மூளையின் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. உடனே அங்கிருந்தே மற்றொரு நரம்பு வழியாகத் தசைக்கு ஆணை செல்கிறது. கை பின்னுக்கு இழுபடுகிறது. மூளைக்குச் செய்தி சற்றுப் பின்னரே போய்ச் சேருகிறது. அப்பொழுதுதான் நாம் வலியை உணர்கிறோம். இதையே அனிச்சைச் செயல் என்கிறார்கள்.

ஆகவே இதற்கு இரண்டு வழிகள் வேண்டும். ஒன்று, செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் நரம்பு. மற்றொன்று, ஆணையை வெளியே கொண்டுவரும் நரம்பு. இரண்டில் எது அறுந்தாலும் காவல் போயிற்று.

கண்ணிலும் இவ்வாறே. இருட்டில் விரிந்திருக்கும் கண்ணின் பாப்பா, வெளிச்சம் பட்டதும் சுருங்குகிறது. ஒரு கண்ணில் மட்டும் விளக்கைக் காட்டினாலும் இரண்டு கண்களிலும் பாப்பா சுருங்கும். ஒரு கண் கொண்டுசென்ற செய்திக்கு மூளையின் அடித்தண்டு இரு கண்களுக்கும் சேர்த்தே ஆணை அனுப்புகிறது. தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவரிடம் மருத்துவர் முதலில் டார்ச் விளக்கைக் கண்ணில் காட்டுவது இதனால்தான். அந்த மனிதர் பேச முடியாத நிலையிலும் அவருடைய கண் பதில் சொல்கிறது.

இன்னொரு காவல் இமைப்பது. கண்ணின் முன்புறம் கண்ணாடி போன்ற கருவிழிப் படலம் உள்ளது. அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய் இல்லை. இருந்தால் ஒளி புகாது. ஆனால் நரம்பு நுனிகள் உடலின் வேறெந்தப் பகுதியையும்விட நெருக்கமாக அதில் அமைந்துள்ளன. ஒரு தூசி பட்டாலும் முகத்தின் உணர்வு நரம்பு வழியாகச் செய்தி மூளைத் தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து முகத் தசைகளை இயக்கும் வேறொரு நரம்பு வழியாக ஆணை வருகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் இமைகள் மூடிவிடுகின்றன. தூசி படாவிட்டாலும் நிமிடத்திற்கு ஏறக்குறைய 15 தடவை நாம் இமைக்கிறோம். 16 மணி நேரம் விழித்திருந்தால் 14,400 தடவை! ஒவ்வொரு தடவையும் கண்ணீர் மெல்லிய பூச்சாகக் கருவிழியின் மேல் பரவுகிறது. இந்தப் பூச்சு இல்லாவிட்டால், ஊறவைக்காத தோல் வெயிலில் விறைத்துப் போவது போலக் கருவிழியும் உலர்ந்து, வெடித்து, புண்ணாகி, வெண்மை படர்ந்து ஒளியை இழந்துவிடும்.

இமைக்க மறந்த கண்

வேலூருக்கு வந்த டாக்டர் மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவம் பயின்றவர் அல்லர். ஆள் பற்றாக்குறையால் ஷெல் கண் மருத்துவமனையில் பணியாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டார். கிராமங்களில் நடந்த கண் சிகிச்சை முகாம்களுக்குச் சென்று நூற்றுக்கணக்கானோருக்குக் கண்புரை அகற்றினார். பிறகு கணவரின் நோயாளிகளைக் கவனித்தபொழுது அவர் கண்டது நெஞ்சை உருக்கியது. தொழுநோயாளிகளில் பலர் பார்வை இழந்துகொண்டிருந்தனர். அவர்கள் கண்களில் வலி இல்லை. வலி இல்லாததே அவர்களுடைய கேடாக இருந்தது.

மேலே கூறிய இரண்டு வழிகளையும் நினைவுகூருங்கள். தொழுநோய் இந்த இரண்டையும் கெடுக்கவல்லது. சிலருக்குக் கருவிழியின் உணர்வு போய்விடுகிறது. இமைக்கும் தசை நலமாக இருந்தாலும், இமை என்று சொல்லும் செய்தி உள்ளே போவதில்லை. அவர்கள் திறந்த கண்ணோடு நெடுநேரம் பார்த்தபடி இருப்பார்கள்; மணல் விழுந்தாலும் கசக்கித் துடைத்துவிட்டுப் போவார்கள். வேறு சிலருக்குக் கன்ன எலும்பின் மேல் ஓடும் இயக்க நரம்பு செத்துவிடுகிறது. மூட விரும்பினாலும் இமை மூடாது. உறங்கும்பொழுதும் கண் பாதி திறந்தே இருக்கும். இரண்டும் கெட்டவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

பிறவிக் குருடர் விரலால் உலகத்தை அறிகிறார்; கோலைப் பிடித்து நடக்கிறார்; தடவிப் பார்த்து உண்கிறார். கண் போனால் அவருக்குக் கையே கண். ஆனால் தொழுநோயாளிக்குக் கையிலும் உணர்வில்லை. கண்ணும் போய்விட்டால் அவர் தம் பிள்ளையின் முகத்தைத் தடவியும் அறிய முடியாது. டாக்டர் பிராண்ட் தம்பதியர் கைக்காக எடுத்த முயற்சியைவிடக் கண்ணுக்காக அதிகம் பதறியதற்குக் காரணம் இதுவே.

மெல்லும் தசை இமைக்கிறது

இதற்கு ஒரு வழி கண்டனர். உணவை மெல்லும்பொழுது நம் நெற்றிப் பொட்டின் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒரு தசை அசைவது தெரியும். அது பெரிய தசை. அதை இயக்கும் நரம்பு வேறு. ஆழத்தில் ஓடுவதால் தொழுநோய் அதைத் தொடுவதில்லை. அந்தத் தசையில் ஒரு கீற்றை எடுத்து, அதைச் சேர்ந்த நாரை மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் ஊடாகக் கொண்டுசென்று பொருத்தினார்கள். அதன் பிறகு நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும்! மெல்லும்பொழுதெல்லாம் இமைக்கும்!

அற்புதமான சிகிச்சைதான். ஆனாலும் ஒரு குறை. இறைவன் அமைத்த இமை தானாகவே மூடும். மனிதன் அமைத்த இமை நினைத்தால்தான் மூடும். நடக்கும்பொழுதும் பேசும்பொழுதும் நிமிடத்திற்கு இத்தனை தடவை பல்லைக் கடிக்க வேண்டும் என்று நோயாளி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் கண் உலரும். ஆதலால் அறுவையோடு நில்லாமல் மாதக்கணக்கில் பயிற்சியும் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கண்ணைப் பார். சிவந்திருந்தால் உடனே வா. உறங்கும்பொழுது கண்ணைத் துணியால் மூடிக்கொள். வேலைக்கிடையே இமைப்பதை வழக்கமாக்கிக்கொள் என்று கற்பித்தார்கள். கைக்கும் காலுக்கும் அவ்வாறே. நாள்தோறும் உள்ளங்கால்களைத் திருப்பிப் பார்த்து, கீறலையும் கொப்புளத்தையும் தேடும் பழக்கத்தை உண்டாக்கினார்கள்.

காலில் புண் ஆறாமல் இருந்ததற்கும் இதே காரணம் என்று கண்டார் பிராண்ட். நமக்குச் செருப்பு ஓரிடத்தில் அழுத்தினால் நாமறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். உணர்வில்லாதவர் மாற்றாமல் நடந்து, அதே இடத்தில் ஆயிரம் தடவை மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார். தோல் தொழில் சிறந்த இந்த வட்டாரத்தில், கடினமான அடித்தோலுக்குப் பதிலாக நுண்துளைகள் உள்ள மென்மையான ரப்பரை அடியில் வைத்துக் காலணி செய்யும் முறையை வேலூரிலும் கரிகிரியிலும் வளர்த்தார்கள். நாடெங்கும் தொழுநோயாளிகளுக்கும், பின்னர் நீரிழிவு நோயாளிகளுக்கும் அத்தகைய காலணி பயன்பட்டது.

நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அமைத்து, குணமடைந்தவர்களுக்குத் தச்சு முதலிய கைத்தொழில்களைக் கற்பித்தார். கை நேராகிவிட்டதால் பிச்சையும் கிடைப்பதில்லை, வேலையும் கிடைப்பதில்லை என்று ஒரு நோயாளி முறையிட்டதன் பயன் அது. 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டது. அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து இரு கால்களும் செயலிழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து புகழ் பெற்றார்.

அந்த ஓர் இரவு

1950களில் ஒரு முறை இங்கிலாந்து சென்ற டாக்டர் பிராண்ட், நீண்ட பிரயாணத்துக்குப் பின் இரவில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்வில்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை! தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே எண்ணினார். மனைவி மக்களை விட்டு ஒதுங்கி வாழ வேண்டுமே, மற்ற மருத்துவர்கள் இனி இந்தப் பணிக்கு வருவார்களா என்று இரவெல்லாம் உறங்காமல் தவித்தார். பொழுது விடிந்ததும் மீண்டும் குத்தினார். துடிக்கும்படி வலித்தது! ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவே. அன்று அடைந்த வலியைப் போல இனிமையான ஒன்றைத் தம் வாழ்நாளில் அனுபவித்ததில்லை என்று அவர் உணர்ந்தார். அதன் பின் விரல் வெட்டுப்பட்டாலும், வயிறு வலித்தாலும், வலியைத் தந்த இறைவனுக்கு நன்றி கூறுவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

இயந்திரம் தோற்றது

1960இல் லாஸ்கர் விருது, 1961இல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. பட்டம் எனப் புகழ் தேடி வந்தது. 1966இல் பிராண்ட் தம்பதியர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றனர். அங்கே பிராண்ட் ஒரு பெரிய முயற்சியில் இறங்கினார். இழந்த வலிக்குப் பதிலாகச் செயற்கையாக ஒரு வலியை உண்டாக்க முடியுமா என்பதே அது. கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். அழுத்தம் மிகுந்தால் காதில் ஒலி எழும்பும். நோயாளிகள் ஒலியைக் கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. பிறகு, உணர்வுள்ள இடத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும்படி அமைத்தார்கள். என்ன நடந்தது? கடினமான வேலை வரும்பொழுது நோயாளி கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்த பிறகு மீண்டும் இயக்கிக்கொண்டார்!

ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும், பெரும் பொருள் செலவிட்டும், அந்த முயற்சி கைவிடப்பட்டது. நிறுத்தும் விசை மனிதன் கையில் இருக்கும்வரை அது காவலாகாது என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார். நம் உடலில் உள்ள வலிக்கும் அனிச்சைச் செயலுக்கும் அத்தகைய விசையை வைக்காததே படைத்தவனின் பெருங்கருணை. நம் விருப்பத்துக்கு விட்டிருந்தால் நம்மில் எவருக்கும் கண் மிஞ்சியிருக்காது.

1986இல் ஓய்வு பெற்று சியாட்டில் நகரில் வாழ்ந்த டாக்டர் பால் பிராண்ட், 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், 88ஆம் வயதில் காலமானார். தொழுநோயாளிகளின் கண்களைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்த டாக்டர் மார்கரெட் 2014இல் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

வாசகர்களே! இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ தவறாமல் உண்டால் நோய் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை மிகவும் குறைந்துவிடுகிறது. ஆனால் செத்துப்போன நரம்பை மருந்து உயிர்ப்பிப்பதில்லை. ஆகவே உணர்வற்ற வெளிறிய தேமலோ சிவந்த தேமலோ தோலில் கண்டாலும், இமை முழுமையாக மூடாவிட்டாலும், வெட்கப்பட்டு மறைத்து வைத்துக் காலம் கடத்துவது பெருந்தவறு. பெண் மக்களுக்கு வரன் அமையாதே என்று தேமலை மறைக்கும் குடும்பங்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். மறைப்பதால் தேமல் போகாது. கையும் கண்ணும்தான் போகும்.

நீரிழிவு நோயும் கால்களின் உணர்வைக் கெடுக்கவல்லது. அந்நோய் உள்ளவர்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். பிராண்ட் தம் நோயாளிகளுக்கு நாள்தோறும் ஒரு முறை கால்களைப் பார்க்கச் சொன்னார். நாமோ நாள்தோறும் ஐவேளை ஒளூச் செய்கிறோம். முகத்தையும் கைகளையும் கழுவுகிறோம். கால்களைக் கழுவி விரலிடுக்குகளையும் கோதுகிறோம். அவ்வேளையில் ஒரு கணம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். புண் உண்டா? கொப்புளம் உண்டா? வீக்கம் உண்டா? குளிர்காலத்தில் சுப்ஹுக்கு வெந்நீர் எடுப்பவர்கள், கால் மரத்திருந்தால், வீட்டார் ஒருவரை நீரின் சூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லட்டும். பள்ளிவாசலுக்குச் செருப்பின்றி நடக்க வேண்டாம். அணியுமுன் செருப்பைத் தட்டி, உள்ளே கல்லோ ஆணியோ உள்ளதா எனப் பார்க்கட்டும்.

தோல் பதனிடும் இடங்களில் பணிபுரிவோர் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இமை எவ்வளவு விரைவாக மூடினாலும் சுண்ணாம்பு நீரும் மருந்து நீரும் சில வேளை அதை முந்திக் கண்ணில் பட்டுவிடும். அப்பொழுது கசக்கக் கூடாது. கண்ணைத் திறந்து பிடித்து, நெடுநேரம் நல்ல தண்ணீரை விட்டுக் கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தானாக இமைக்கும் இமையை இழந்தவர்களுக்கு டாக்டர் பிராண்டால் கொடுக்க முடிந்தது ஒன்றே. அதுதான் தவறாத பழக்கம். மறவாமல் இமைத்தவர் கண்ணைக் காத்தார், மறந்தவர் இழந்தார். நமக்கோ அந்தக் காவல் கேளாமலே கிடைத்திருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் நாம் நூறு தடவைக்கு மேல் இமைத்திருப்போம். அவற்றில் ஒன்றையேனும் அறிந்து இமைத்தோமா?

நாம் அறியாமலே நம்மைக் காத்துவரும் அந்த அருட்கொடைகளை அறிந்து நன்றி செலுத்தவும், அவற்றை இழந்து வாடுவோரை ஒதுக்காமல் அன்போடு அணுகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.